காற்று வரும் வழி: ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்டேக் தேர்ந்தெடுப்பதும் மாட்டுவதும்

இன்டேக் மாற்ற வேண்டும் என்று ஒர்க்ஷாப்புக்கு வரும் பையன்கள் எடுத்தவுடன் கேட்பது ஒரே கேள்விதான். "எவ்வளவு பவர் கூடும் அண்ணா?" வயதான மெக்கானிக் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே பதில் சொல்வார்: "சத்தம் கூடும் மக்களே." கிண்டலாகச் சொல்வது போல இருந்தாலும், கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடும் பெரும்பாலான கார்களைப் பொறுத்தவரை அதுதான் உண்மை. மீதிக் கதை சில நிபந்தனைகளுக்கு உட்பட்டது. அந்த நிபந்தனைகளைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

ஸ்போர்ட்ஸ் கார் என்ற சொல்லை இங்கே கொஞ்சம் தாராளமாகவே எடுத்துக்கொள்கிறேன். குமரி மாவட்டத்தின் புதுக்கடை, கருங்கல், மார்த்தாண்டம் பக்கம் இரண்டு கதவு கார்கள் அபூர்வம். 2016 முதல் சில ஆண்டுகள் இந்தியாவில் விற்ற ஃபோர்டு மஸ்டாங் எப்போதாவது கண்ணில் படும். நம் பையன்கள் உண்மையில் ஆசையாகப் பிரித்து மேய்வது ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 2013இல் 1.2 லிட்டர் டர்போவோடு வந்தது, 2020இல் 1.0 லிட்டருக்கு மாறியது, 2022இல் உற்பத்தி நின்றது. இன்றைக்கும் செகண்ட் ஹேண்டில் அதற்கு மவுசு குறையவில்லை. அடுத்த இடம் ஸ்விஃப்டுக்கு. கீழே சொல்லும் கணக்கு இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும். டர்போ உள்ளது, இல்லாதது என்ற வேறுபாடு வரும் இடங்களில் மட்டும் தனியாகச் சொல்கிறேன்.

எஞ்சினுக்கு எவ்வளவு காற்று வேண்டும்?

நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவுக் காற்றை இழுக்கும். 2 லிட்டர் எஞ்சின் 6000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் நிமிடத்துக்கு 6000 லிட்டர், அதாவது நொடிக்கு 100 லிட்டர். டர்போ இருந்தால் இதற்கும் மேலே. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால், ஆன்லைனில் விற்கும் "எலெக்ட்ரிக் டர்போ" ஃபேன்களையும், ஹோஸுக்குள் செருகும் தகரச் சுழலிகளையும் பார்த்து ஏமாற மாட்டீர்கள். கைக்குள் அடங்கும் அந்தச் சின்ன ஃபேனால் நொடிக்கு நூறு லிட்டரை அழுத்தித் தள்ள முடியாது. குறுக்கே உட்கார்ந்து வழியைத்தான் அடைக்கும்.

ஒவ்வொரு கிராம் பெட்ரோலும் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் பீய்ச்சலாம், அது பெரிய காரியமில்லை. காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் கஷ்டம். ரேஸ் நடத்துபவர்கள் பவரைக் கட்டுப்படுத்த நினைத்தால் காற்றின் கழுத்தில் கைவைப்பது அதனால்தான். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பொறியியல் மாணவர்களுக்காக நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வண்டி கொண்டுவரும் அணி, எஞ்சினுக்குப் போகும் மொத்தக் காற்றையும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஓட்டை வழியாகத்தான் இழுக்க வேண்டும். 100 குதிரைத்திறனுக்கு மேல் தரும் 600 சிசி பைக் எஞ்சினைப் பொருத்தினாலும் அந்த ஓட்டையில் அதன் கொட்டம் அடங்கிவிடும். காரணம், ஓட்டையில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டபின் எஞ்சின் எவ்வளவு உறிஞ்சினாலும் அதற்குமேல் வராது.

இதேபோன்ற ஓட்டையில் திருட்டு செய்து உலகப் பெயர் வாங்கியது டொயோட்டா அணி. 1995 உலக ராலி சாம்பியன்ஷிப்பில், ஸ்பெயினின் கட்டலூன்யா ராலியில், செலிகா ஜி.டி.-ஃபோர் காரின் டர்போ முன்னால் இருந்த தடுப்பு வளையத்தைப் பரிசோதித்தபோது விஷயம் வெளியே வந்தது. ஹோஸை மாட்டிக் கிளாம்பை இறுக்கினால் வளையம் சில மில்லிமீட்டர் நகர்ந்து பக்கவாட்டில் காற்று புகும். சோதனைக்காகக் கழற்றினால் ஸ்பிரிங் அதை ஒழுங்காகப் பழைய இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடும். அணிக்கு ஓராண்டுத் தடை விழுந்தது. மில்லிமீட்டர் கணக்கில் ஒரு இடைவெளிக்காக ஒரு கம்பெனி தன் பெயரையே பணயம் வைத்தது என்றால், காற்று அவ்வளவு முக்கியம்.

சரி, அப்படியானால் நம் காரில் ஃபில்டரை மாற்றினாலும் பவர் கூட வேண்டுமே? கூடாததற்குக் காரணம், கம்பெனிக்காரர்கள் அங்கே பெரிதாக எதையும் அடைத்து வைக்கவில்லை. அந்தத் தடுப்பு வளையத்தைப் போன்ற நெரிசல் சாதாரணக் காரின் ஏர் பாக்ஸில் கிடையாது. அதோடு, நீங்கள் ஆக்சிலேட்டரைப் பாதி மிதித்து ஓட்டும்போது காற்றைத் தடுத்து நிறுத்துவது த்ராட்டில் தகடு. ஃபில்டர் அந்த நேரத்தில் கணக்கிலேயே வராது. "ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் கூடும்" என்பதை நம்பாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். முழுதாக மிதிக்கும் சில நொடிகளுக்கு மட்டுமே ஃபில்டருக்கும் ஹோஸுக்கும் வேலை.

காசு செலவழிக்கும் முன் இரண்டு சோதனை

ஓ.பி.டி. போர்ட்டில் செருகும் புளூடூத் கருவியும் போனில் ஒரு ஆப்பும் போதும். இதைச் செய்யாமல் இன்டேக் வாங்குகிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குகிறார் என்றே சொல்வேன்.

முதல் சோதனை அழுத்தம். இது டர்போ இல்லாத, மேப் சென்சார் உள்ள கார்களுக்கு. சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், மேனிஃபோல்ட் அழுத்தத்தைப் பாருங்கள். நம் ஊர் கடல் மட்டத்தை ஒட்டியது, அதனால் 100 அல்லது 101 கிலோபாஸ்கல் காட்டும். பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத நேராக உள்ள சாலையில், இரண்டாம் கியரில், முழுதாக மிதித்து மேல் ஆர்.பி.எம். வரை ஓட்டிப் பக்கத்தில் இருப்பவரை எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். 98 காட்டினால், ஃபில்டர், பாக்ஸ், ஹோஸ், த்ராட்டில் எல்லாம் சேர்ந்து தின்பது வெறும் மூன்று கிலோபாஸ்கல். உலகத்திலேயே விலை உயர்ந்த இன்டேக்கை மாட்டினாலும் அந்த மூன்று சதவீதத்துக்கு மேல் மிச்சம் பிடிக்க வழியில்லை. 100 குதிரைத்திறன் எஞ்சினில் அது அதிகபட்சம் மூன்று குதிரை, அதுவும் கடைசி ஆயிரம் ஆர்.பி.எம்.மில். எண் 94, 93 என்று இறங்கினால் எங்கோ அடைப்பு இருக்கிறது. அப்போதும் புது இன்டேக் தேடி ஓட வேண்டாம். முதலில் பழைய ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.

இரண்டாவது சோதனை வெப்பம். இன்டேக் ஏர் டெம்பரேச்சர் என்று ஆப்பில் இருக்கும். மார்த்தாண்டம் நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஒருமுறை, பிறகு மேம்பாலத்தில் ஏறிச் சீராக ஓடும்போது ஒருமுறை பாருங்கள். வெளியே 32 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஓடும்போது சென்சார் 38, 40 காட்டினால் கம்பெனி கொடுத்த காற்றுக் குழாய் அருமையாக வேலை செய்கிறது, அதைத் தொட்டால் கெடுக்கத்தான் முடியும். டர்போ கார்களில் இந்த சென்சார் பெரும்பாலும் இன்டர்கூலரைத் தாண்டி மேனிஃபோல்டில் இருக்கும். அங்கே எண் சற்று அதிகமாகவே இருக்கும், அதனால் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே சாலையில், ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டுமே பயன்.

வெப்பம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? 32 டிகிரி காற்று 62 டிகிரிக்குச் சூடானால் அதன் அடர்த்தி ஒன்பது சதவீதம் குறைகிறது. பானட்டுக்குள் நெரிசல் நேரத்தில் 60 டிகிரி சர்வ சாதாரணம். எனவே ஏர் பாக்ஸை எடுத்து எறிந்துவிட்டு, எஞ்சின் பக்கத்தில் திறந்தபடி ஒரு கோன் ஃபில்டரைச் செருகுகிறவர், மூன்று சதவீதத்தைப் பிடிக்கப்போய் ஒன்பதை இழக்கிறார். சத்தம் மட்டும் நன்றாக இருக்கும். அந்தச் சத்தம் காதில் விழும்போது வண்டி வேகமாகப் போவதாக மனம் நம்பும், அது மனித சுபாவம்.

எதை வாங்குவது?

பேப்பர் ஃபில்டரை இளக்காரமாகப் பேசுவது ஒரு நாகரிகமாகிவிட்டது. ஆனால் தூசியைப் பிடிப்பதில் நல்ல பேப்பரை வெல்வது கடினம். கழுவிப் பயன்படுத்தும் பஞ்சுத்துணி ஃபில்டர்கள், 1969இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கே அண்ட் என் முதல் இத்தாலியின் பி.எம்.சி. வரை, பருத்தி அடுக்குகளில் எண்ணெய் தடவி அந்த எண்ணெயில் தூசியை ஒட்டவைக்கும் முறையில் வேலை செய்பவை. காற்று எளிதாகப் போகும், பல ஆண்டு வரும். ஆனால் எண்ணெய் அளவாக இருக்க வேண்டும். ஸ்பாஞ்ச் வகையும் உண்டு, எண்ணெயே வேண்டாத செயற்கை நார் வகையும் உண்டு. மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள காருக்கு நான் எண்ணெய் இல்லாத வகையைத்தான் பரிந்துரைப்பேன். அந்த சென்சாருக்குள் இருப்பது தலைமுடி போன்ற ஒரு சூடான கம்பி அல்லது மெல்லிய தகடு. அதிகப்படி எண்ணெய் காற்றோடு போய் அதில் படிந்தால் காற்றின் அளவைத் தப்பாகச் சொல்லத் தொடங்கும்.

புதுக்கடைக்காரருக்கு என் முதல் சிபாரிசு: கம்பெனி ஏர் பாக்ஸ் அப்படியே இருக்கட்டும், உள்ளே உட்காரும் தட்டை ஃபில்டரை மட்டும் நல்லதாக மாற்றுங்கள். பத்து நிமிட வேலை. சத்தம் சற்றுக் கனக்கும். குளிர்ந்த காற்று வரும் பாதை கெடாது. ஆர்.டி.ஓ. கேள்வி வராது. ரீமேப் செய்து டர்போ அழுத்தத்தைக் கூட்டியவர்களுக்கு மட்டும் இது போதாமல் போகலாம், ஏனென்றால் அங்கே எஞ்சின் கேட்கும் காற்றே வேறு அளவு. அவர்களுக்கு மூடிய பெட்டியோடு வரும் முழு இன்டேக். பெட்டி மூடியதாக இருக்க வேண்டும், பெட்டிக்குக் காற்று கிரில்லின் மேல்பக்கத்திலிருந்து வர வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த கிட்டை வாங்காதீர்கள், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும்.

குழாயின் விட்டத்தையும் பாருங்கள். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உட்காரும் இடத்தில் பழைய குழாய் 70 மில்லிமீட்டர், புதியது 76 என்றால் பரப்பு 18 சதவீதம் கூடுகிறது. அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் 15 சதவீதம் குறைவாகக் காட்டும், கம்ப்யூட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்கும். சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்துச் சரிக்கட்டிவிடும். முழு மிதியில் அந்தத் திருத்தத்தை நம்பி இருக்க முடியாது, கலவை வறண்டு நாக்கிங் வரும். "பெரிய குழாய், பெரிய பவர்" என்று கடைக்காரர் சொன்னால் சென்சார் இருக்கையின் விட்டம் என்ன என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

போலிகள் ஏராளம். அசல் ஃபில்டரின் ரப்பர் விளிம்பு மென்மையாக, எல்லாப் பக்கமும் ஒரே தடிமனில் இருக்கும். மடிப்புகள் நேராக நிற்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மடிப்பும் ரப்பரும் சேரும் இடத்தில் ஊசித்துளை அளவு வெளிச்சம்கூடத் தெரியக்கூடாது. அங்கே தெரிந்தால் தூசிக்கு அது ராஜபாட்டை.

நம் ஊர் தண்ணீர், உப்பு, தூசி

வெளியூர் வழிகாட்டிகளில் இல்லாத பகுதி இது. குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் இடவப்பாதி, பிறகு ஐப்பசி, கார்த்திகை. 2021 நவம்பரில் பெய்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குழித்துறை சப்பாத்து முங்குவது புதிய செய்தியே அல்ல. ஏலாக்களின் நடுவே போகும் ஊர்ச் சாலைகளில் ஒரு மணி நேர மழைக்கே வெள்ளம் கேறி நிற்கும்.

இந்த நிலத்தில் பம்பருக்குக் கீழே, பனிவிளக்கு உயரத்தில் வாய் வைத்த "கோல்ட் ஏர் இன்டேக்" மாட்டுவது தற்கொலை. குளிர்ந்த காற்று அங்கே கிடைக்கும் என்பது உண்மைதான். தண்ணீரும் அங்கேதான் கிடைக்கும். கணக்கைப் பாருங்கள்: 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், கம்ப்ரஷன் விகிதம் 10 என்றால், பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சும் இடம் சிலிண்டருக்கு ஏறத்தாழ 33 மில்லி. இருமல் மருந்து பாட்டிலின் மூடியில் மூன்று, நாலு மூடி. அவ்வளவு தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் போனால் போதும், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். எதிரே வரும் லாரி தள்ளும் அலை, நீங்கள் நிற்கும் தண்ணீரைவிட ஒரு சாண் உயரமாக வரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. தள்ளிக் கரையேற்றி, ஏர் பாக்ஸைத் திறந்து ஃபில்டரைத் தொட்டுப் பாருங்கள். நனைந்திருந்தால் கட்டி இழுத்துப் போக வேண்டியதுதான். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே எஞ்சினைச் சுற்றலாம். சாதாரண இன்ஷூரன்ஸ் இந்த எஞ்சின் சேதத்துக்குப் பணம் தராது. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பாலிசி தனியாக எடுத்திருக்க வேண்டும். அதிலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் இன்டேக் மாற்றியிருந்தால் சர்வேயர் அதைத்தான் முதலில் எழுதுவார்.

உப்பு அடுத்தது. தேங்காய்பட்டணம் கடற்கரை சில கிலோமீட்டர் தூரத்தில்தான். இங்கே பூச்சு போட்ட இரும்புக் கிளாம்பு ஒரு மழைக்காலத்துக்குள் செம்பழுப்பாகி, திருகுத் தலை கரைந்து ஸ்க்ரூடிரைவரே பிடிக்காமல் போகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாம்பு மட்டும் வாங்குங்கள். பாலிஷ் போட்ட அலுமினியக் குழாய் ஷோரூமில் மினுங்கும், கடற்காற்றில் வெள்ளைப் புள்ளி புள்ளியாகப் பூக்கும். பிளாஸ்டிக் குழாய் பார்க்க எளிமை, ஆனால் துருவும் கிடையாது, எஞ்சின் சூட்டை அலுமினியம் அளவுக்கு வாங்கவும் செய்யாது.

தூசி என்றால் கல் லாரிகளைத்தான் சொல்ல வேண்டும். விழிஞ்ஞம் துறைமுகத்துக்கும் கேரளத்துக் கட்டுமானங்களுக்கும் நம் மாவட்டத்து மலைகளிலிருந்து போகும் கல்லும் எம் சாண்டும் சாலையெங்கும் மாவாய் உதிர்கிறது. வெயில் அடித்தால் அது பறக்கும். சாதாரண மண் தூசியைவிடக் கூர்மையான துகள் இது. டர்போவின் கம்ப்ரஸர் சக்கரம் நிமிடத்துக்கு ஒன்றரை, இரண்டு லட்சம் சுற்று சுற்றுவது. அதன் இதழ் முனையை, ஃபில்டரைத் தாண்டி வரும் இந்த மாவு தேய்த்துக்கொண்டே இருந்தால் பவர் கூட்டப் போட்ட ஃபில்டரே பவரைத் தின்னும்.

சட்டம்

சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். ஒலி, புகை வரம்பை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை, லைசென்ஸும் மூன்று மாதம் போகும். பெட்டிக்குள் தட்டை ஃபில்டர் மாற்றுவது சர்வீஸ் வேலை. பெட்டியையே மாற்றுவது வேறு விஷயம். டி.என். 75 நம்பர் பலகையோடு களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் அடிக்கடி போகிறவர்கள் இரண்டு மாநிலத்துச் சோதனைக்கும் தயாராக இருக்க வேண்டும். வாரண்டி மிச்சமிருந்தால் டீலரிடம் கேட்டுவிட்டுக் கைவையுங்கள்.

ரேஸ் ஓட்டும் ஆசை இருப்பவர்களுக்குக் கோவையும், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கும் இருக்கின்றன. புதுக்கடை - தேங்காய்பட்டணம் சாலையில் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஓட்டிக்காட்ட வேண்டாம்.

மாட்டும் வேலை

மூடிய பெட்டியோடு முழு கிட் வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். காற்றில் தூசி பறக்காத, கூரை உள்ள இடம். ரோட்டோரம் பானட்டைத் திறந்து இந்த வேலை செய்யவே கூடாது, திறந்த குழாய் வாய்க்குள் எது வேண்டுமானாலும் விழும்.

கழற்றும் முன் போனில் நாலைந்து கோணத்தில் படம் எடுங்கள். பெரிய குழாயை யாரும் மறக்க மாட்டார்கள். மறப்பது சின்ன ஹோஸ்களை: எஞ்சினின் எண்ணெய் ஆவி திரும்பும் ப்ரீதர் ஹோஸ், டர்போ வண்டியில் டைவர்ட்டர் வால்வின் ஹோஸ், வேக்வம் ஹோஸ். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி எண் எழுதிவிட்டால் பிறகு தலையைச் சொறிய வேண்டியதில்லை. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். குழாய் அலுமினியமாக இருந்தால் இது கட்டாயம், இறக்கும்போது பாசிட்டிவ் முனையில் உரசினால் தீப்பொறிதான்.

சென்சார் பிளக்கின் பூட்டை நகத்தால் நெம்பாதீர்கள். நம் ஊர் வெப்பத்தில் பழைய பிளாஸ்டிக் முறுமுறுவென்று ஆகியிருக்கும். நாக்கை அமுக்கிக்கொண்டு பிளக்கை நேராக இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக்கூடாது. மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரைக் கழற்றினால் அதன் உடம்பில் ஒரு அம்புக்குறி தெரியும். காற்று போகும் திசை அது, திருப்பி மாட்டினால் வண்டி இழுக்காது. அழுக்காக இருந்தால் அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை அடித்துத் தானாகக் காயவிடுங்கள். இயர்பட் வைத்துத் துடைப்பவர் புது சென்சாருக்குக் காசை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பழைய பெட்டியைத் தூக்கியதும் த்ராட்டில் அல்லது டர்போ பக்கம் திறந்திருக்கும் வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். பெரிய துணி. சின்ன துண்டை உள்ளே திணித்துவிட்டு மறந்துபோய் மாட்டியவர்கள் உண்டு. புதுக் குழாயின் உள்பக்கத்தையும் துடையுங்கள், உதிர்ந்த அலுமினியத் துகள் கம்பெனியிலிருந்தே வந்திருக்கும்.

சேர்க்கும்போது எல்லாக் கிளாம்பையும் தளர்வாக மாட்டி, குழாய் எங்கும் இழுபடாமல் உட்கார்ந்த பிறகே கடைசியில் இறுக்க வேண்டும். இறுக்கியதற்கு அளவு: ஹோஸைக் கையால் முறுக்கினால் நகரக்கூடாது, கிளாம்பு சிலிகானை வெட்டி உள்ளே இறங்கவும் கூடாது. எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும் பொருள், ஸ்டார்ட் செய்யும்போதும் கியர் போடும்போதும் அது முன்னும் பின்னும் துள்ளும். அதனால் எஞ்சினோடு ஆடும் குழாய்க்கும் அசையாத பாடிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி வேண்டும். பானட்டுக்கும் பெட்டிக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: சப்பாத்தி மாவைச் சின்ன உருண்டையாக்கிப் பெட்டியின் உயரமான இடத்தில் வைத்து, பானட்டை மூடித் திறங்கள். மாவு எவ்வளவு தடிமனில் நசுங்கியிருக்கிறதோ அதுதான் இடைவெளி. காகிதம் போல ஆகிவிட்டால் பெட்டி பானட்டில் இடிக்கிறது.

சின்ன ஹோஸ்களை எண் பார்த்து மாட்டி, பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலில் நிதானமாக நிற்க வேண்டும். ஆர்.பி.எம். ஏறி இறங்கினாலோ "ஸ்ஸ்" என்று விசில் கேட்டாலோ எங்கோ காற்று கசிகிறது. பத்தில் ஒன்பது முறை அது ப்ரீதர் ஹோஸ்தான்.

மாட்டிய பிறகு

பையன்கள் இந்த இடத்தில் வேலை முடிந்ததென்று ஒரு சுற்று சுற்றக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் ஆப்பைத் திறந்து ஃப்யூவல் டிரிம் எண்களை, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதைப் பாருங்கள். மாட்டும் முன்பே ஐடிலிலும் 60 கிலோமீட்டர் வேகத்திலும் இவற்றைக் குறித்து வைத்திருந்தால் ஒப்பிட வசதி. லாங் டெர்ம் டிரிம் பிளஸ், மைனஸ் பத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஐடிலில் மட்டும் பிளஸ் பக்கம் ஏறினால் கசிவு. ஓட ஓட ஏறினால் சென்சார் இருக்கையின் விட்டம் பொருந்தவில்லை என்று அர்த்தம். பி 0171 என்ற கோடு வந்து செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் அழித்துவிட்டு ஓட்டுவதில் பயனில்லை, மறுபடி வரும்.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு சோதனை செய்யுங்கள், என்னைக் கேட்டால் இந்த அத்தியாயத்திலேயே முக்கியமானது இதுதான். ஃபில்டருக்கு அடுத்துள்ள குழாயைக் கழற்றி, சென்சாரில் கை படாமல், பழைய வெள்ளை வேட்டித் துண்டை விரலில் சுற்றி உள்சுவரில் ஒரு இழுப்பு இழுங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் ஃபில்டர் சரி. லேசான எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் ஃபில்டருக்கு எண்ணெய் அதிகமாகிவிட்டது. விரல் நுனியில் சாம்பல் நிறக் கோடு விழுந்து, இரண்டு விரலால் தேய்த்தால் நறநறவென்றால், கல் மாவு எஞ்சினுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. ரப்பர் விளிம்பு சரியாக உட்காரவில்லை, அல்லது ஃபில்டரே மட்டம். அன்றைக்கே பழைய பேப்பர் ஃபில்டருக்குத் திரும்பிவிடுங்கள்.

கழுவும் வகை ஃபில்டரைக் கம்பெனி சொல்லும் கிலோமீட்டருக்குக் காத்திருக்காமல், கல் லாரி ஓடும் சாலையில் தினமும் போகிறவர்கள் பாதித் தூரத்திலேயே திறந்து பாருங்கள். அதற்குரிய திரவத்தில் ஊறவைத்து, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாகக் குழாய்த் தண்ணீரை மெதுவாக விட வேண்டும். பஞ்சர் கடைக் காற்றை அடித்தால் பஞ்சு இழை பிரிந்து ஓட்டை விழும். நிழலில் ஒரு நாள் உலர்த்துங்கள், இடவப்பாதி மழையில் இரண்டு நாள்கூட ஆகும், ஈரத்தோடு எண்ணெய் தடவக்கூடாது. எண்ணெய் அந்த ஃபில்டருக்கென்று வருவதுதான். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவிய புண்ணியவான்களும் நம் ஊரில் உண்டு. அது சூட்டில் இளகி ஓடி, நேராக சென்சாரில் போய் உட்காரும்.

கழற்றிய கம்பெனி ஏர் பாக்ஸை ஆக்கர்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் ஸ்க்ரூ, கிளிப், ரப்பர் புஷ் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிப் பெட்டிக்குள்ளேயே வைத்து, எலி ஏறாத பரணில் போடுங்கள். வண்டியை விற்கும்போது, வாங்க வருகிறவர் பானட்டைத் திறந்ததும் முதலில் கேட்பது அதைத்தான்.